பிஷ்கெக்கில் யார் வீட்டில் தங்குவது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்து விற்கும் பஞ்சநாதன், கல்யாணமான நாளிலிருந்து ஒரு லாட்ஜிலும் தங்கியதில்லை. வசதியில்லாமல் அல்ல. அவர் மனைவி திரௌபதிக்கு எல்லா ஊரிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

மெட்ராஸ் என்றால் குரோம்பேட்டைச் சித்தப்பா வீடு. சேலம் என்றால் அத்தை மகள் வீடு. புதுசாகக் கல்யாணமாகிக் கொடைக்கானல் போனபோதுகூட, மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் திரௌபதியின் பெரியம்மா வீட்டில்தான் தங்கினார்கள். காலையில் பஸ் ஏறிப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிட வேண்டும். சாப்பிட்டதும் ஆண்களெல்லாம் கூடத்தில், பெண்களெல்லாம் உள்ளே. புது மாப்பிள்ளை பஞ்சநாதன், பெரியப்பாவுக்கும் அவருடைய இரண்டு மச்சினன்களுக்கும் நடுவில் படுத்து, மூன்று நாளும் வெங்காயத்துக்கு வரும் நோய்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்க இருக்கிற ஊர்ல லாட்ஜில தங்குனா, அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி" என்பது திரௌபதியின் கட்சி. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நமக்கென்ன வேலை என்பது அதே கட்சியின் இரண்டாவது கொள்கை.

இப்படி இருபத்தைந்து வருஷம் ஓடியது. 2007ஆம் வருஷம் மே மாதத்தில், கிர்கிஸ்தான் நாட்டின் தலைநகரம் பிஷ்கெக்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகள் பூர்ணிமாவிடமிருந்து போன் வந்தது. ஜூனில் பட்டமளிப்பு. அப்பாவும் அம்மாவும் கட்டாயம் வர வேண்டும்.

"ஆனா ஹாஸ்டல்ல தங்க வுடமாட்டாங்கப்பா. ஓட்டல்தான் பாக்கணும். நெட்ல பாத்து எது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

பஞ்சநாதன் ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தார். கிர்கிஸ்தானில் திரௌபதிக்கு யாரும் இல்லை. பூகோளமே தன் பக்கம் வந்து நிற்பதாக அவருக்குப் பட்டது.

மறுநாளே ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பானுமதி ஒவ்வொரு ஓட்டலாகத் திறந்து காட்டினாள். முதல் ஓட்டல் கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருந்தது. இரண்டாவதில் தரையில் விரிக்க வேண்டிய கம்பளத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மூன்றாவது வந்ததும் பஞ்சநாதன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்த பாத்ரூம் போட்டோவக் கொஞ்சம் பெருசாக்கும்மா."

"எல்லாரும் ரூமத்தான் சார் பாப்பாங்க."

"வாஷ்பேசினப் பாரு. மேல்பூச்சு கிளேஸ்ல ஒரு பொட்டு இருக்குதா? பேசின இப்படி வெச்சிருக்கிறவன் பெட்ஷீட்ட அழுக்கா வெச்சிருக்க மாட்டான்."

பிறகுதான் அறையைப் பார்த்தார். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில். தலைமாட்டில் இரண்டு விளக்கு. ஜன்னலைத் திறந்தால் பனி மலை. கூடத்தில் யாரும் படுத்திருக்கவில்லை.

"இதுக்கே மெயில் போட்டுரும்மா. போன் நம்பர் கேட்டா எம்பொண்ணு நம்பரக் குடுத்துரு," என்றார். பணம் அங்கே போய்க் கொடுத்தால் போதும் என்று பானுமதி படித்துச் சொன்னாள்.

அவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது திரௌபதி சண்டை எதுவும் போடவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மாமன் மகனைக் கேட்டாள். மங்கலம்பேட்டையில் கல்ஃப்பிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவரை விடாமல் விசாரித்தாள். "துபாய்ல இருந்து பிஷ்கெக்கு பக்கந்தானே? ஒரு எட்டு போய்ப் பாத்தவங்க யாராச்சும் இருப்பாங்க" என்றாள். அவர் பாவம், துபாயிலேயே ஒரு எட்டு போய்ப் பார்க்க நேரமில்லாதவர்.

பஞ்சநாதனுக்கு இதில் கவலையே இல்லை. தேடட்டும் என்று விட்டுவிட்டு, தனக்கு ஒரு ஸ்வெட்டரும் அவளுக்கு ஒரு சால்வையும் வாங்கி வந்தார்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போன திரௌபதி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, நம்ம கொளஞ்சியம்மா சித்தி இருக்குதுல்ல?"

"எந்தக் கொளஞ்சியம்மா?"

"எங்க அம்மாவுக்கு ஒன்னுவுட்ட தங்கச்சிங்க. அது ரெண்டாவது பையன் மாயவன் எங்க இருக்கான் தெரியுமா?"

பஞ்சநாதன் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"பிஷ்கெக்குல! நம்ம ஊரு படிக்கிற புள்ளைங்களுக்கு மெஸ்ஸு நடத்துறானாம். அந்த ஊரு பொண்ணயே கட்டிக்கிட்டு வூடு வாசல்னு இருக்கான். போன் நம்பர் வாங்கிட்டு வந்துட்டேன்."

அப்போதே போன் போட்டாள். அந்தப் பக்கம் மாயவன் என்ன சொல்லுவான்? "எதுக்குக்கா ஓட்டலு? நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது!" என்றான். சித்தி மகன் என்றால் தம்பி. தம்பி வீடு இருக்கும்போது ஓட்டல் ஏது?

பஞ்சநாதன் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார். கேன்சல் செய்துவிடலாமா என்று பானுமதி கேட்டாள். அவர் மலைப் படத்தைப் பார்த்தார்.

"கடைசி ரெண்டு நாளுக்கு மட்டும் மாத்திப் போடும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். வூட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."

பிஷ்கெக் விமான நிலையத்தில் பூர்ணிமாவுக்குப் பக்கத்தில் மாயவன் வேன் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கூடவே அவன் மனைவி குல்நாரா. ரோஜாப்பூக் கன்னமும் சின்னக் கண்ணுமாக இருந்த அந்தப் பெண் கையைக் கூப்பி, "வாங்கக்கா, வாங்க மாமா, வூட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றாள். மெஸ்ஸுக்கு வரும் பிள்ளைகளிடமும் புருஷனிடமும் கற்றுக்கொண்ட தமிழ். அச்சு அசல் கருவேப்பிலங்குறிச்சி. திரௌபதி அவளைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா?" என்று கணவனைப் பார்த்தாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதிலேயே அறுபது பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இதையாவது பஞ்சநாதன் எதிர்பார்த்திருந்தார். குல்நாராவின் சொந்தக்காரர்களை அவர் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அக்காள் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள் என்ற செய்தி போய், மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து குல்நாராவின் அண்ணன் தம்பிகள் நாலு பேர், அத்தைகள், அண்ணிகள் எல்லாரும் ஆளுக்கொரு ரொட்டி மூட்டையோடு வந்து இறங்கினார்கள். விருந்தாளியைப் பார்க்காமல் இருப்பது அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம். வந்தவர்கள் உடனே போவதும் மரியாதை இல்லையாம்.

படுக்கிற நேரம் வந்ததும் கூடத்தில் தடித்தடியாக மெத்தைகளை விரித்தார்கள். ஆண்களெல்லாம் கூடத்தில். பெண்களெல்லாம் உள்ளே. பஞ்சநாதனுக்கு மரியாதையான இடமாக நட்டநடுவில் போட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மச்சினன்கள். மூத்தவன் ஆட்டுக்கு வரும் நோய்களைப் பற்றிப் பேசினான். மாயவன் மூலையில் படுத்தபடி விடாமல் மொழிபெயர்த்தான்.

திரௌபதிக்கும் சொகுசு ஒன்றுமில்லை. முதல் நாள், விருந்தாளி உட்கார வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள், "அக்கா, நம்ம ஊரு வத்தக்கொழம்பு" என்று மெஸ்ஸுக்கு வந்த ஒரு பையன் கண்ணைக் கசக்கினான். அவ்வளவுதான், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் அதன்பின் வெளியே வரவில்லை. அந்தச் சமையல்கட்டுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்.

பட்டமளிப்பு நன்றாக நடந்தது. கறுப்பு அங்கியில் பூர்ணிமாவைப் பார்த்ததும் திரௌபதி அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக் குல்நாராவின் அத்தைகளும் அழுதார்கள். வீட்டுக்கு வந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, பூர்ணிமா ஏதோ நினைவு வந்தவளாகக் கேட்டாள்.

"அப்பா, ஒரு ஓட்டல்ல இருந்து எனக்கு போன் வந்துச்சு. நாளைக்கு வர்றீங்களான்னு கேக்குறாங்க. என்னப்பா அது?"

பஞ்சநாதன் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. மாயவனின் முகம் சுருங்கிப்போனது.

"எங்க வூட்டுல என்ன கொறை மாமா?"

"கொறை ஒன்னும் இல்லப்பா..." பஞ்சநாதன் திரௌபதியைப் பார்த்தார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க வழியில்லை. "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இத்தனை ஊருக்குப் போயிருக்கோம். ஒங்க அக்காவோட ஒரு ரூம்ல ஒரு நாளு தங்குனதில்ல. மகளும் டாக்டராயிட்டா. அதான் ஒரு ஆச."

என்ன சொன்னார் என்று குல்நாராவின் அத்தைகள் கேட்டார்கள். மாயவன் கிர்கிஸ் மொழியில் சொன்னான். அடுத்த நொடி பெண்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மூத்த அத்தை எழுந்து வந்து பஞ்சநாதனின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். ஆட்டுக்காரன் மச்சினன் அவர் கையைப் பிடித்து உலுக்கினான்.

"வயசான காலத்துல மனுசன் பேச்சப் பாரு," என்று திரௌபதி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லக் குல்நாரா விடவும் இல்லை. விடிந்ததும் விடியாததுமாக அவளே பெட்டியைக் கட்டி வேனில் ஏற்றிவிட்டாள்.

படத்தில் இருந்த மாதிரியேதான் ஓட்டல் இருந்தது. அறைக்குள் போனதும் பஞ்சநாதன் நேராக வாஷ்பேசினுக்குப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. திரும்பி வந்தபோது திரௌபதி ஜன்னலைத் திறந்துவிட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த மலை நம்ம வந்த அன்னிக்கே இங்கதான் இருந்துச்சா?"

"மலை எங்க போவும்?"

"நான் பாக்கவே இல்ல." அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எந்த ஊருக்குப் போனாலும் அடுப்படியத்தான் பாத்திருக்கேன் போல. கொடைக்கானல்லகூட பெரியம்மாவுக்கு அரிசி பொடச்சதுதான் ஞாபகம் இருக்குது."

பஞ்சநாதன் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சூடு பண்ணினார். அவர் போட்ட டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அப்போது போன் அடித்தது. திரௌபதிதான் எடுத்தாள். கீழே வரவேற்பறையிலிருந்து மாயவன் பேசினான்.

"அக்கா, ஓட்டல் சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துக்காதுன்னு கேரியர்ல எடுத்தாந்திருக்கோம். அத்தைங்களும் ரூமப் பாக்கணும்னு வந்திருக்காங்க. எத்தனாவது மாடி?"

பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

திரௌபதி மலையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, மாமா நல்லாத் தூங்குறாங்கப்பா. கேரியர அங்கயே குடுத்துட்டுப் போயிட்டு நாளைக்கு வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கண்ணைத் திறந்து பார்த்த பஞ்சநாதனிடம், "என்ன பாக்குறீங்க? தூங்குங்க. நான் பொய் சொல்லுவனா?" என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் மாசி மகத்துக்கு மாயவனும் குல்நாராவும் விருத்தாசலம் வந்தார்கள். திரௌபதி அவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு நல்ல லாட்ஜில் ரூம் போட்டாள். கேள்விப்பட்ட கொளஞ்சியம்மாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிச் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"கூடப்பொறந்தவனாட்டம் இருக்கிறவன லாட்ஜில தள்ளிட்டியேடி! நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சாப்பாடு மூணு வேளையும் நம்ம வூட்டுலதான் சித்தி. தூக்கம் மட்டுந்தான் அங்க," என்றாள் திரௌபதி.

குல்நாரா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "போயிட்டு வரோம்க்கா," என்று புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கொளஞ்சியம்மாள் கூடவே போகப் பார்த்தாள். திரௌபதிதான் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.