ஜமுனா கண்ட பாவம்

ஊரில் யார் பாவம் செய்தாலும் முதலில் வயிறு எரிவது ஜமுனாவுக்குத்தான். கோட்டைக்குப்பத்துக்கு வடக்கே ஏரியோரத்தில் இருந்த அந்தச் சின்னச் சபையில் அவள் பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. பிறர் கண்ணின் துரும்பைப் பார்க்குமுன் தன் கண்ணின் உத்திரத்தைப் பார்க்கச் சொல்லும் பைபிள் வசனத்தைக்கூடச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள், அதே சபையைச் சேர்ந்த சத்யாவுக்குப் படித்துக் காட்டத்தான். வெட்கம் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்தச் சபையில் ஒரு கட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மணி அடிக்கும்வரை யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. மற்ற நாட்களில் பெண்கள் பறி என்னும் ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். போன ஞாயிறு விடியலில் சத்யா இறங்கிவிட்டாள். புருஷன் மனோஜ் காய்ச்சலில் கிடந்தான், அடுப்பு எரியவில்லை. இந்த ஞாயிறு அவள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். அதை நிறுத்தாமல் ஜமுனாவுக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஏரியில் இறங்கினாயா என்று போதகர் வின்சென்ட் கேட்டதுமே சத்யா ஒப்புக்கொண்டாள். ஜமுனாவுக்கு அது போதவில்லை. ஒப்புக்கொண்டவளை அப்படியே விட்டுவிட்டால் தலைவி என்று ஒருத்தி எதற்கு? எழுந்து, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சத்யா முள்ளித்திட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் நின்றதையும், பறி நிறைந்த பிறகு முந்தானையிலும் இறாலைக் கட்டிக்கொண்டதையும் கண்ணால் கண்டதாக விவரித்தாள். இவள் பிள்ளையைச் சேர்த்தால் சபைக்கே சாபம் என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளம் கரையிலிருந்து தெரியாது, முள்ளித்திட்டின் மணல்மேடு மறைக்கும். ஏரியில் இறங்கித் திட்டைச் சுற்றிப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

எதையும் நேராகக் கேட்டுவிடுகிற முனியம்மாள்தான் வாயைத் திறந்தாள். "நீ அங்க இன்னா பண்ண ஜமுனா?"

"ஜெபம் பண்ணிகினு இருந்தேன்."

"வாயில பறிக் கயித்தக் கடிச்சிகினா?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஜமுனா உடனே ஆவிக்குரிய குரலுக்கு மாறினாள். தான் பிடித்தது வயிற்றுக்கு அல்லவாம், காணிக்கைக்காம். ஆண்டவர் உள்ளத்தை அறிவாராம். கேட்கவே அருவருப்பாக இருந்தது.

போதகர் சத்யாவிடம் திரும்பி, ஜமுனா இறங்கியது உனக்குத் தெரியுமா என்றார். தெரியும், அக்கா தனக்கு முன்னாலேயே இறங்கியிருந்தார் என்றாள் சத்யா. பின்னே ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க என் பாவத்தத்தான கேட்டீங்க ஐயா. நான் என்னோடத சொன்னேன்."

 போதகர், நாளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஜமுனாவின் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தில் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் நின்றவளிடம் அவள் முணுமுணுத்தாள்.

"பாத்தியா, இன்னா திமிரு அவளுக்கு. நல்லவள்னு பேர் வாங்கறதுக்கு எவ்ளோ நேரம் வாய மூடிகினு இருந்தா பாரு."