துண்டின் பாதி

அந்தப் பழைய காரின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டி முடித்ததில் மெக்கானிக்குக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும், இரண்டு தரம் இருமும், மூச்சடைத்து நின்றுவிடும். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் பம்பைத் திட்டினார். வண்டி எதற்கும் மசியவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. மனைவி வந்து நின்றாள். "என் பச்சைத் துண்டைப் பாதியாக் கிழிச்சு எடுத்துட்டு வந்தீங்களே, அது எங்க? வாரம் பூரா கேக்குறேன்."

"இங்க உயிர் போகுது, இப்ப துண்டு ஒண்ணுதான் கேடு!"

அவள் நகரவில்லை. "எலி பூந்துரும், எதையோ அடைக்கணும்னுதானே கிழிச்சீங்க?"

ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. எஞ்சினை இறக்கிய அன்று, அதோடு சேரும் சைலன்சர் குழாயின் வாயை அடைத்தது அவரேதான். புகை போக வழியில்லாமல் வண்டி வேறென்ன செய்யும்?

முனகிக்கொண்டே குனிந்து, பூட்டிய நட்டுகளை மறுபடி கழற்றினார். கரி பிடித்த துணி வெளியே வந்தது.

"இனிமே நான் எவ்வளவு கத்தினாலும், கேக்குறத மட்டும் நிறுத்திடாதே," என்றார்.

"சரி. அப்ப என் டீ வடிகட்டி எங்க?"

அவர் மெல்லத் திரும்பிப் பெட்ரோல் டேங்கைப் பார்த்தார்.