சைபர் ஒப்பந்தம்

எங்கள் தெருவின் வடக்கு முனையில் ஒரு கட்சியின் கொடிக்கம்பம் இருக்கிறது. தெற்கு முனையில் இன்னொரு கட்சியின் கொடிக்கம்பம். நடுவில் இருக்கும் பள்ளம் இரண்டு கட்சிக்கும் பொது. என் அப்பா லாசரஸ் வடக்கு. பக்கத்து வீட்டு ராஜகோபாலன் சார் தெற்கு. கட்சிப் பெயர்களைச் சொல்லமாட்டேன். அப்பா இன்னும் இதே தெருவில் நடந்துபோய்த்தான் திருமுடிவாக்கம் பஸ் பிடிக்க வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்தலில் இருவரும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்று ஓட்டுப் போட்டார்கள். திரும்பி வந்து மோர் குடிக்கும்போது ராஜகோபாலன் சார் கண்டுபிடித்தார்.

"நீங்க வடக்குக்கு ஒண்ணு, நான் தெற்குக்கு ஒண்ணு. கழிச்சா சைபர். எதுக்கு லாசரஸ் நாம வெயில்ல காயணும்?"

அன்றிலிருந்து ஒப்பந்தம். தேர்தல் நாளன்று இருவரும் சார் வீட்டு ஹாலில் காலையிலிருந்து கேரம் ஆடுவார்கள். ஒருவர் கண்ணெதிரே மற்றவர். தேர்தல் பார்வையாளர்கள்கூட இவ்வளவு கறாராக இருப்பதில்லை.

இந்த முறை கெடுத்தது நான். பொத்தேரியில் நான் படிக்கும் கல்லூரி என்னை வாக்காளர் விழிப்புணர்வுத் தூதராக்கியிருந்தது. ஒரு தொப்பி கொடுத்தார்கள். கூடவே, தெருவில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று எழுத ஒரு படிவம். நூறு சதவீதத்துக்கு இரண்டே பேர் குறுக்கே நின்றார்கள். அதில் ஒருவர் எனக்குச் சோறு போடுபவர்.

முதல் நாள் மாலை கேட்டருகே சாரிடம் சொன்னேன்: "அங்கிள், இந்தத் தடவை அப்பா பூத் ஸ்லிப்பை பைபிளுக்குள்ள பத்திரமா வச்சிருக்கார்."

பொய் இல்லை. எங்கள் வீட்டில் கரண்ட் பில்லும் பைபிளுக்குள்தான் இருக்கும். அதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் எட்டு மணிக்கு சார் போன் செய்தார். "லாசரஸ், இன்னைக்கு கேரம் வேணாம். ஒரே தலைவலி."

அப்பா போனை வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். வைத்தார்.

"பத்து வருஷமா வராத தலைவலி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. பால்கனிக்குப் போய் சார் வீட்டு கேட்டைப் பார்த்தார். உள்ளே வந்து டிவியில் கடும் போட்டி என்று சொல்வதைக் கேட்டார். திரும்பவும் பால்கனி. பதினோரு மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பன்னிரண்டுக்கு அதே செடிக்கு மறுபடியும்.

"போய்த்தான் போட்டுட்டு வாங்களேன்" என்றாள் அம்மா. அவள் ஏழு மணிக்கே போட்டுவிட்டாள். யாருக்கு என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"வாக்கு குடுத்திருக்கேன் ஜோசலின்."

"அவர் போயிட்டா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தரைக்கு சார் வீட்டு கேட் கிறீச்சிட்டது. அப்பா பைபிளைத் திறந்தார். ஸ்லிப்பை வேகமாக உருவியதில் கரண்ட் பில்லும் கையோடு வந்துவிட்டது.

பூத் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வடக்குக் கட்சியின் மேசையில் உட்கார்ந்திருந்த குப்புராஜ் அண்ணன் அப்பாவைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"இன்னா சார், நீயா ஓட்டுப் போட வந்துகினுகீற? இன்னிக்கு மழைதான் போ!"

அப்பா உள்ளே நடந்தார். நான் பின்னால் போனேன். ஆண்கள் வரிசையில் கடைசி ஆள் ராஜகோபாலன் சார். அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று செருமினார்.

சார் திரும்பினார். "மாத்திரை வாங்கலாம்னு வந்தேன்."

"நான் பையனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார் அப்பா. நான் மை வைத்த விரலை மறைத்துக்கொண்டேன்.

"சரி, நீங்க கிளம்புங்க. நானும் வந்துடறேன்."

"நீங்க முதல்ல போங்க சார்."

"சேர்ந்தே போயிடலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

இருவரும் அசையவில்லை.

ஓட்டு நேரம் முடியும் ஆறு மணிக்கு ஓர் அதிகாரி வந்து வரிசையின் வாலிலிருந்து டோக்கன் கொடுத்தார். அப்பாவுக்கு ஒன்று, சாருக்கு இரண்டு. டோக்கன் கைக்கு வந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சார் உள்ளே போய் வந்தார். அப்பா போய் வந்தார்.

திரும்பும் வழியில் வடக்குக் கம்பத்தைத் தாண்டினோம். பள்ளத்தருகே சார் நின்றார்.

"லாசரஸ், உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். நீங்க போயிடுவீங்கன்னு நினைச்சு நான் முந்திக்கிட்டேன். உள்ள போனப்ப மனசு கேக்கல. அதனால உங்க கட்சிக்கே குத்திட்டேன்."

அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போனது.

"நீங்க?" என்றார் சார்.

ஒரு தண்ணீர் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகும்வரை அப்பாவுக்கு நேரம் கிடைத்தது.

"நானும் அப்படித்தான் சார். உங்களுக்குத்தான்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பவும் சைபர்தான் பாத்தீங்களா!" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். "நாளைக்கு வாங்க, போர்டுக்குப் பவுடர் போட்டு வைக்கிறேன்."

அவர் வீட்டுக் கதவு மூடியது. எங்கள் கேட்டுக்குள் வந்த அப்பா படியேறவில்லை. இரண்டு தரம் தண்ணீர் குடித்த செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் படிவத்தில் நூறு என்று எழுதி முடித்தேன்.

"ஜெர்சன்."

"என்னப்பா?"

"நான் எங்க கட்சிக்குத்தான்டா போட்டேன்."

"தெரியும்பா."

"அப்ப ரெண்டு ஆயிடுச்சு."

"ஆமாம்பா."

கொஞ்ச நேரம் விரலிலிருந்த மையைத் தேய்த்துப் பார்த்தார். அது போகாது என்று அவருக்கும் தெரியும்.

"கவுன்சிலர் எலெக்‌ஷன் எப்ப வரும்?"

"சீக்கிரம் வரும்னு சொல்றாங்க."

"அதுல தெற்குக்கு ஒண்ணு போட்டுடறேன். அப்புறம் எம்.பி. எலெக்‌ஷன்ல இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "அந்த நாள்ல சார்கிட்ட மட்டும் எனக்குத் தலைவலின்னு சொல்லிடு."