காணாமற்போன நட்சத்திரமும் காற்றடைத்த கோட்டையும்

"டெஸ், இன்னிக்கு ராத்திரி தொலைநோக்கி எனக்கு வேணும்."

இயக்குநர் டெஸ்மண்ட் தொலைநோக்கியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ராத்திரியை மட்டும் கேட்டுவிடாதே என்று டபோ நகர வான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றே டாம்சினிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டே விட்டாள்.

டெஸ்மண்ட் அப்போது புல்வெளியில் ஊதி நிறுத்திய குழந்தைகளின் ரப்பர் கோட்டைக்குள் குதித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஷூக்கள் வெளியே ஜோடியாக நின்றன. நன்கொடை தரும் ஒயின் திராட்சைத் தோட்ட முதலாளிகள் மாலை குடும்பத்தோடு வருகிறார்கள்.

"அவங்களுக்குச் சனி வளையம் காட்டணுமேம்மா."

"சனி எங்கயும் போகாது. என் நட்சத்திரம் போயிடுச்சு. வெடிக்காமலே உள்ள விழுந்து கருந்துளை ஆயிருக்கும்னு நினைக்கிறேன். நாளைக்குத் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழட்டிப் புதுப் பூச்சுக்கு அனுப்பறீங்க. அது திரும்பி வர்றதுக்குள்ள அந்த இடம் சூரியனுக்குப் பின்னால போயிடும்."

"தூசி மறைச்சிருக்கும்."

"தூசிக்குப் பின்னால உயிரோட இருந்தா சூடு தெரியும். அதைப் பாக்கத்தானே கேக்கறேன்!"

டெஸ்மண்ட் ஒரு குதி குதித்தார். "உங்கப்பா ரோமம் கத்திரிக்கிற பட்டியில ஆடு ஒண்ணு குறைஞ்சா, கருந்துளை ஆயிடுச்சுன்னா சொல்வாரு?"

குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். அப்பாவை இழுத்தால் பற்றிக்கொண்டு வரும்.

"போய்த் தேடுவாரு. விருந்தாளிக்குச் சனி காட்டிக்கிட்டு நிக்க மாட்டாரு."

"சத்தமில்லாம சாகற நட்சத்திரத்தை நான் பாத்ததில்லம்மா."

"பாக்கறீங்களா?" காற்று ஊதும் விசிறியருகே போனாள். "நட்சத்திரத்தோட நடு இதுதான். எரிஞ்சு எரிஞ்சு வெளிய தள்ளும். எடை உள்ள இழுக்கும். மல்லுக்கட்டு நடக்கறவரைக்கும் கோட்டை நிக்கும். எரிபொருள் தீந்தா…"

பட்டனை அழுத்தி விசிறியை நிறுத்தினாள். கோபுரங்கள் தலையைத் தொங்கப்போட்டன.

"ஏய், போடு!"

"பலது வெளி அடுக்கை வெடிச்சுத் தள்ளிட்டுத்தான் சாகும். ரொம்பப் பெருசான சிலதுக்கு அந்தத் தெம்பும் இருக்காது. மொத்தமா நடுவுல சரிஞ்சிடும். அதோட பிடியிலிருந்து வெளிச்சம்கூடத் தப்பாது."

"என்னை வெளிய விடு!" என்றது ரப்பர் குவியல்.

"அந்த வசதி கிடையாது. அப்புறம், கருந்துளை எல்லாத்தையும் உறிஞ்சும்னு நீங்க போஸ்டர் ஒட்டினது தப்பு. உங்க ஷூ தள்ளி நிக்குது, சேதமே இல்ல. கிட்டப் போனாத்தான் மாட்டிக்கும்."

குவியலுக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. "மன்னிப்புக் கேளு! அடுத்த வருஷம் யோசிக்கறேன்."

"பாதர்ஸ்ட் ஆய்வுக்கூடத்துல வேலையும் இன்னிக்கு ராத்திரித் தொலைநோக்கியும் தர்றோம்னு நேத்தே சொல்லிட்டாங்க. உங்களைக் கேட்டது மரியாதைக்கு."

ஆய்வுக்கூட அடையாள அட்டையைக் கழற்றி அவருடைய இடது ஷூவுக்குள் போட்டாள். விசிறியைத் திரும்ப ஓடவிட்டாள். நட்சத்திரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. டெஸ்மண்டோடு சேர்த்துக் கோட்டை மெல்ல எழும்பியபோது, விடியும் முன்னரே பெட்டியை ஏற்றி வைத்திருந்த பிக்கப் வண்டியை நோக்கி அவள் நடந்துகொண்டிருந்தாள்.