ஏணியடியில் சொன்ன ‘வாரேன்’

ஈஸ்வரமூர்த்தியை விட்டுவிட்டுக் கப்பல் போனதற்குக் காரணம் ஈஸ்வரமூர்த்தியேதான். புயலும் இல்லை, புகையும் இல்லை. ஒரே ஒரு ‘வாரேன்’.

கொச்சியில், தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிற கப்பலில், மனைவி கீதாவைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு மேலே வந்தவர், கரையில் வேன் டிரைவர் தம்பிதுரை இன்னும் நிற்பதைப் பார்த்தார். அன்னூரிலிருந்து விடியுமுன்னே கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்த மனுசன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனால் நன்றாகவா இருக்கும்? தோளில் கிடந்த நீலப் பையோடு ஏணியில் இறங்கினார்.

நம் பக்கத்தில் சொல்லிக்கொண்டு கிளம்புவது ஒரு வார்த்தையில் தீருகிற காரியமில்லை. “அப்ப வாரேனுங்க” என்றால் “வாங்க, வாங்க” என்பார்கள். யாரும் நகரமாட்டார்கள். மழை, மாடு, மகனுக்குப் பெண் பார்க்கிற சங்கதி எல்லாம் ஒரு சுற்று வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஒரு “அப்ப வாரேனுங்க”.

ஏணிக்கு மேலே அட்டையும் பென்சிலுமாக நின்ற மலையாளத்துக்காரர் எட்டிப் பார்த்து, “சாரே, வருந்நில்லே?” என்று, வரவில்லையா எனக் கேட்டார். மூர்த்தி அப்போதுதான் தம்பிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு நாலாவது தடவையாக “வாரேன், வாரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது தனக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்ட அந்த மனிதர், பட்டியலில் மூர்த்தியின் பெயருக்கு நேரே, ஏறியாயிற்று என்று ஒரு கோடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பெரிய கப்பலில் ஆளுக்கொரு கார்டு கொடுப்பார்களாம். ஏறாத ஆளை மெஷினே காட்டிக்கொடுத்துவிடுமாம். இது நாற்பது வயதான சின்னக் கப்பல். இதன் மெஷின் அந்தப் பென்சில்தான்.

ஏணியை மேலே இழுத்துக்கொண்டபோது கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்குத் தண்ணீர். மூர்த்தி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மேல்தளத்தில் நின்றவர்கள், யாரோ நல்ல மனிதர் வழியனுப்ப வந்திருக்கிறார் என்று அவர்களும் சந்தோசமாகக் கையை ஆட்டினார்கள்.

நீலப் பைக்குள் ஐஸ் வைத்த டப்பாவில் கீதாவின் இன்சுலின் இருந்தது. அவளுடைய செல்போனும் அதில்தான் இருந்தது.

கீதாவுக்கு அது சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்கிற சாதாரண ஊசியில்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுத்தமாகச் சுரப்பதில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டு அவசரத்தில் ஒரு ராத்திரி ஊசி தப்பியது. மறுநாள் ஐசியு. மூன்று நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று மூர்த்தி சாமிக்கு நேர்ந்துகொண்டது கொஞ்சமில்லை. அடுத்த ஊசி இன்றைக்குச் சாயந்திரம் ஏழு மணிக்கு.

கப்பல் கம்பெனி வாசலில், டிக்கெட் போட்ட ஏஜென்ட்தான் பேசவேண்டும் என்று விரட்டிவிட்டார்கள். போத்தனூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அப்துல் வஹீதுக்குப் போன் போட்டார். “பதறாதீங்கண்ணா, ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்” என்றார் வஹீது. அது ஒரு மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. பாழாய்ப்போன மூர்த்தி அதையும் நம்பி, பாலக்காட்டைத் தாண்டி நாலரை மணி நேரம் வேனில் வந்து இறங்கினார். கடலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனுசன் கடலே இல்லாத ஊருக்கு வந்துதான் கப்பலைத் தேடினார்.

“உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?”

“பாய், கப்பல்ல டாக்டர் இருக்காருங்களா?”

“கப்பல்னா இல்லாம எப்படிங்ண்ணா? எல்லா ஏற்பாடும் இருக்குமுங்க.”

“இருக்குமா, இருக்குதுங்களா?”

“பாத்துக்குவாங்கண்ணா.”

வஹீது பொய் சொல்கிற ஆளில்லை. எதிரே இருப்பவர் மனசு நோகும்படி ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வராது. அவ்வளவுதான். அந்த வியாதி மூர்த்திக்கும் உண்டு என்பதால் நன்றாகவே அடையாளம் தெரிந்தது. போன மாசம் கீதா டிவியில் ஒரு வெள்ளைக் கப்பலைக் காட்டி, “நாம போறது இத்தன பெருசுங்களா?” என்று கேட்டாள். “கிட்டத்தட்ட இதேதான் அம்மணி” என்று சொல்லி வைத்தார். காலையில் கேபினைத் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு இரும்புக் கட்டில், பெயின்ட் அடித்து ஒட்டிப்போன வட்ட ஜன்னல், நாலு கேபினுக்கு ஒரு கக்கூஸ். தரைக்கடியில் இன்ஜின் அரிசி மில் மாதிரி உறுமியது. கீதா சுற்றிலும் பார்த்துவிட்டு, “கிட்டத்தட்டன்னா எவ்வளவு தூரமுங்க?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் யோசிக்கத்தான் அவர் மேல்தளத்துக்கே போனார். அதைத் தம்பிதுரையிடம்கூடச் சொல்லவில்லை.

“சின்னக் கப்பல் ரொம்ப ஆடுமுங்களா, பாய்?”

“லேசா இருக்குமுங்க. தொட்டில் மாதிரி.”

“தொட்டில்ல போட்டா அவ ஒரே வாந்திங்க. ஊட்டிக்குப் போறதுக்குள்ள ரெண்டு கவர் ஆயிரும். வாந்தியும் எடுத்து ஊசியும் இல்லீன்னா…” என்றவர், அந்த வாக்கியத்தை முடிக்கப் பயந்து சிரித்தார். “கெடக்குதுங்க. புருசன் தொந்தரவு இல்லாம ஒரு நாளாச்சும் நிம்மதியா இருக்கட்டும்.”

வாசலில் நின்ற தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார். தூரத்தில் ஸ்டேசன் அறிவிப்பு எந்த வண்டியோ தாமதம் என்றது. மணி நாலேகால். டப்பாவைத் திறந்து பார்த்தார். ஐஸ் முக்கால்வாசி உருகியிருந்தது. எதற்கு உருகாமல் இருக்கவேண்டும் என்று தெரியவில்லை. ஆனாலும், “பாய், இதக் கொஞ்சம் பிரிட்ஜில வெக்கறீங்களா?” என்றார்.

வஹீது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கப்பலத் திருப்பச் சொல்லிப் பேசிட்டிருக்கோமுங்க” என்றார்.

“திருப்புவாங்களா?”

“பேசிட்டிருக்கோமுங்க.”

உள்ளறையில் பேசிக்கொண்டிருந்தது வஹீதின் மகள் இஃப்ரா. டிக்கெட் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். ஒரு மணி நேரமாகக் கம்பெனி ஆபீசை விடாமல் பிடித்து, அவர்கள் வழியாகக் கேப்டனின் சாட்டிலைட் போனையும் பிடித்துவிட்டாள். முதலில் மலையாளத்தில் கெஞ்சினாள். பிறகு இங்கிலீஷில் சண்டை போட்டாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைக்கிற சத்தம் கேட்டது.

அவள் வந்து மூர்த்திக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வஹீது அவசரமாக, “நல்ல செய்திதானே கண்ணு? அண்ணனுக்குக் கொஞ்சம் பக்குவமா…” என்றார்.

“வாப்பா, நீங்க சும்மா இருங்க.”

மூர்த்தி எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரியாது. “கண்ணு, நானும் உங்கப்பனும் சுத்தி வளைக்கறதுல பட்டம் வாங்குன ஆளுக. நீயாச்சும் உள்ளத உள்ளபடி சொல்லிரு.”

“சொல்றேன் அங்கிள். உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“கப்பல்ல டாக்டர் இல்ல. கம்பவுண்டர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட இன்சுலின் இல்ல. ஏறியிருக்கறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டாங்க, யார்கிட்டயும் இல்ல. கப்பலத் திருப்பமாட்டேன்னு கேப்டன் சொல்லிட்டார். ஆன்ட்டி மூணு தடவ வாந்தி எடுத்திருக்காங்க. படுத்திருக்காங்க, ஆனா தெளிவாப் பேசறாங்க. தண்ணி குடிக்க வெச்சுட்டே இருக்கச் சொல்லியிருக்கேன். மயக்கம் வந்தா உடனே கோஸ்ட் கார்டக் கூப்புடறேன்னு கேப்டன் வாக்குக் குடுத்திருக்கார். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தீவு வருது. அங்க ஆஸ்பத்திரில பேசிட்டேன், ஊசியோட வந்து நிப்பாங்க.”

“அதுவரைக்கும் தாங்குவாளா கண்ணு?”

வஹீது வாயைத் திறந்தார். இஃப்ரா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

“எனக்குத் தெரியாது அங்கிள்.”