படுத்திருந்த பச்சை

செவ்வாய்

பச்சை கிடைத்துவிட்டது. சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடியாகிற மண்பாண்டப் பூச்சில் செம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து, சின்னச் சின்ன மண் வில்லைகளில் பூசிச் சுட்டதில் ஒன்று மழையில் நனைந்த இலை போலப் பளபளக்கிறது. எடை போட்டது, சலித்தது, கெட்டிப் பால் பதத்துக்குக் கரைத்தது எல்லாம் நானே. ஆனாலும் எங்கேயாவது தப்பு விட்டிருப்பேனோ என்று மறுபடி சரிபார்த்தேன். கலவை சரிதான்.

வெள்ளிக்கிழமை அக்கா சலூன் திறக்கிறாள். முன் மேசையில் சீப்புகள் போட்டுவைக்க உயரமான ஜாடி செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். ஜாடியை ஒருமுறை சுட்டாயிற்று. இந்தப் பூச்சைப் பூசி இன்னொரு முறை சுட்டால் முடிந்தது. போனில் சொன்னேன்.

"நான் பிளாஸ்டிக் டப்பா வாங்கி வச்சுட்டேன்டி," என்றாள். "நீ பின்னின ஸ்வெட்டருக்கே இன்னும் ஒரு கை வரல."

"இந்தத் தடவை வரும்."

"எது, கையா, ஜாடியா?"

புதன்

சாயங்கால மண்பாண்ட வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான மின்சூளை ஒன்றுதான். பூச்சு வழிந்து சூளைத் தட்டில் ஒட்டினால், ஒட்டவைத்தவர் அதைச் சுரண்டி எடுக்கும்வரை அவருடைய சாமான் சூளை ஏறாது. சூளையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் இதில் கறார்.

ஜாடியைப் பூச்சில் முக்கப் போகுமுன் வில்லையைக் கடைசியாக ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை தடித்து, விழப்போகிற சொட்டுப் போல நின்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது. வில்லைகளை எல்லாம் படுக்க வைத்தே சுட்டிருக்கிறேன். ஜாடியோ நிற்கும். நின்றால் இந்தப் பச்சை எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து மேசைப் பல் டாக்டரிடம் சொன்னேன். வகுப்பில் எனக்கு 'ஆராய்ச்சி' என்று பேர் வைத்தவர் அவர்தான்.

"நம்ம பேஷன்ட் மாதிரிதான், ஆராய்ச்சி. நாற்காலியில சாஞ்சிருக்கிற வரைக்கும் நல்லா இருப்பாங்க. எழுந்து நின்னாத்தான் தலை சுத்தும்."

"சிரிக்காதீங்க. இன்னிக்கு ஏத்தலன்னா வெள்ளிக்கிழமைக்கு ஜாடி இல்ல."

"அடுத்த வாரம் குடுங்க. அக்காதானே?"

"அக்காங்கறதாலதான் முடியாது."

ஜாடியைத் தலைகீழாகப் பிடித்து மேல்பாதியை மட்டும் முக்கினேன். கீழ்ப்பாதியை ஈரப் பஞ்சால் துடைத்து வெறும் மண்ணாக விட்டேன். பச்சைக்கு ஓட இடம் வேண்டும். கோணிப்போனதென்று ஒதுக்கியிருந்த என் பழைய மண் தட்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் ஜாடியை நிறுத்திச் சூளைக்குக் கொண்டுபோனேன்.

மேடம் குனிந்து பார்த்தார். "வழிஞ்சா?"

"என் தட்டுல விழும். உங்க தட்டுல விழாது."

"ஜாடி அதோட ஒட்டிக்கிட்டா உடைச்சுத்தான் எடுக்கணும்."

"தெரியும் மேடம். ஏத்துங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வெள்ளி

ஓடியிருந்தது. விளிம்பில் பச்சை மெலிந்து பழுப்பாகிவிட்டது. நடுவிலிருந்து நீள நீளமான நாக்குகள் வெறும் மண்ணில் இறங்கியிருந்தன. எல்லாவற்றிலும் நீளமானது, அடிக்கு ஒரு நகக்கண் அளவு மேலே, கரும்பச்சைச் சொட்டாகத் திரண்டு நின்றுவிட்டது. ஜாடி ஒட்டாமல் ஒரு கையிலேயே வந்தது. கோணல் தட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சலூனில் அக்கா அதை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"கீழ ஏன் பூசல? தீந்துபோச்சா?"

"ஓடும்னு தெரிஞ்சு இடம் விட்டேன்."

"எங்க நிக்கும்னு தெரியுமா?"

"அது தெரியாது."

சொட்டை விரலால் தடவிப் பார்த்தாள். டப்பாவிலிருந்த சீப்புகளை அள்ளி ஜாடிக்குள் போட்டாள். டப்பா மேசைக்கு அடியில் போனது.

"இன்னொண்ணு வேணும்டி. அடிவரைக்கும் பச்சையா."

"அதுக்குக் கலவையையே மாத்தணும். ஓடாத பச்சை."

"எப்ப தருவ?"

"நிக்க வச்சுச் சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.