எண்பத்தொன்பதாம் வருட விதிகள்

பேச முடியாதவர்களுக்கான கணினி நிரலைப் பயன்படுத்துபவர்களில் பழைய கணினியை இன்னும் யாராவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி எழுதியிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கணவருக்கு அசைவது வலது கட்டைவிரல் மட்டும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தினால், சேர்ந்த வாக்கியத்தைக் கணினி பேசும். இப்போது அது சில நாள் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறதாம். சரிசெய்து தர முடியுமா?

அந்த நிரலை எழுதியவள், பதினொரு வருடமாக அதைப் பராமரிப்பவள், கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். நிரல் 'சி' என்ற கணினி மொழியின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் வருட விதிகளில் எழுதப்பட்டது. மதிப்புகளை வைக்கும் பெயரான 'மாறி' எதுவானாலும் நிரல்பகுதியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். புதிய விதிகளில் தேவைப்படும் இடத்தில் சொன்னால் போதும், தவறுகள் குறையும். ஆனால் பழைய இயந்திரத்துக்கு அது புரியாது. கூட வேலை செய்யும் தோழி, எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுபவள், மூன்று வாரமாக உட்கார்ந்து நிரலில் பாதியைப் புதிய விதிகளுக்கு மாற்றியிருந்தாள். இரண்டு பிரதிகளைப் பராமரிக்க இருவருக்கும் கை போதாது.

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் கட்டிப் போடணுமா? புது கம்ப்யூட்டர் ஒண்ணு குடுத்துடலாமே," என்றாள் கண்ணாடி. நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை புதிய கணினியை நிரலை எழுதியவளே ஓட்டுநர் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினாள். ஓட்டுநர் நிதானமாக எழுத்துகளைப் பொறுக்கினார். இளமையான, வழவழப்பான குரல் ஒன்று, "சாப்பிட்டியா?" என்றது.

சமையலறையிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி கேட்டது. மனைவி எட்டிப் பார்த்தார். "நீங்களா கேட்டீங்க? வந்த பொண்ணுகிட்ட யாரோ பேசுறாங்கன்னு இருந்துட்டேன்."

பழைய கணினியின் குரல் கரகரத்த தகரக் குரல். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒலி அட்டையோடு ஒட்டிப் பிறந்தது; புதியதில் பொருந்தாது.

"இது நல்லாத்தான்மா இருக்கு. சம்பந்தி வீட்டுக்காரர் பேசுற மாதிரி மரியாதையா இருக்கு," என்று மனைவி சிரிக்கப் பார்த்தார். "அந்தத் தகரம்தான் இத்தன வருஷம் என்கூட சண்ட போட்டுச்சு."

ஓட்டுநரின் விரல் அசைந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடம் கழித்து வழவழப்பான குரல் சொன்னது: "பழகிக்கிறோம். உனக்கு சிரமம் வேண்டாம்."

அவள் புதிய கணினியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டினாள்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னபோது கண்ணாடி திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இப்படியே எத்தன நாளைக்கு?"

"அவர் பேசிக்கிட்டிருக்கிற வரைக்கும்."

கண்ணாடி தான் மாற்றிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய விதிப்படி மாறிகளைத் திரும்பப் பகுதியின் தொடக்கத்துக்கு ஏற்றத் தொடங்கினாள். "மூணு வாரம் தண்டம். மத்தியானக் காப்பி உன் கணக்கு," என்றாள்.

கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. திருத்தியதை அனுப்பிய மறுநாள் மதியம் மனைவி ஃபோன் செய்தார்.

"போட்டாச்சும்மா. இவர் ஏதோ சொல்லணுமாம். கொஞ்சம் நேரம் புடிக்கும், இருப்பியா?"

"இருக்கேம்மா."

ஃபோனை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள். பொத்தானின் சத்தம் 'டிக்' என்று கேட்டது. நீண்ட இடைவெளி. இன்னொன்று. கண்ணாடி தட்டச்சை நிறுத்திவிட்டு, நாற்காலியை ஃபோன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.